குன்னூரில் ஓர் இரவும் ஒரு ஸ்பாவும்: முதல்முறை போகிறவர்களுக்கு

மலைமேல் நல்ல ஓட்டலில் ஓர் இரவு என்றால் பெரும்பாலும் மதியம் 2 மணியிலிருந்து மறுநாள் காலை 11 வரை. அதாவது 21 மணி நேரம். முதல்முறை போனபோது இந்தக் கணக்கு எனக்கு உறைக்கவே இல்லை. ஊட்டிப் பக்கம் பொட்டானிக்கல் கார்டன், தொட்டபெட்டா, படகுச் சவாரி எல்லாம் முடித்து இரவு 8 மணிக்கு அறைக்குள் நுழைந்தோம். ஸ்பாவில் இடமில்லை என்றார்கள். காலையில் திரையை விலக்கினால் எதிரே தேயிலைச் சரிவு. அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். தூங்குவதற்கு மட்டும் அவ்வளவு பணம்!

அடுத்த தடவை கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது செய்த வரிசை இது.

1. நாள் பார்ப்பது

சனி, ஞாயிறு வேண்டாம். ஏப்ரல், மே சீசன் இன்னும் வேண்டாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து சாலையும் மலை ரயிலும் நிற்பது உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் ராத்திரிக் குளிரில் நன்றாகவே தெரியும்.

2. அறையும் வரியும்

அறை வாடகை 7,500 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்). அதைத் தாண்டினால் 18. ஆக 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875 வரும். 8,000 ரூபாய் அறைக்கு 9,440. வாடகையில் ஐந்நூறு கூடினால் கையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகிறது. ஆகவே போனில் கேட்கும்போது "வரியோட எவ்வளவு?" என்றே கேளுங்கள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் சேர்ந்த கட்டணம் இருந்தால் அதை எடுப்பது நல்லது. இந்த மாதிரி ஓட்டல்கள் ஊருக்கு வெளியே, தோட்டத்துக்குள் இருக்கும். இட்லி தேடி இருட்டில் மலைப்பாதையில் வண்டி ஓட்ட முடியாது.

3. ஸ்பாவுக்கு முன்பதிவு

அறை பதிவு செய்கிற அதே போனில் இதையும் முடியுங்கள். மாலை 4 மணி நல்ல நேரம். முதல்முறை என்றால் அப்யங்கம் (உடம்பெல்லாம் எண்ணெய் தேய்க்கிற ஆயுர்வேத மசாஜ்) அல்லது மெதுவாக நீவிவிடுகிற ஸ்வீடிஷ் மசாஜ் போதும். டீப் டிஷ்யூ என்பது முழங்கையாலும் விரல் முட்டியாலும் ஆழமாக அழுத்துகிற சமாச்சாரம், பழகியவர்களுக்கானது. சிரோதாராவில் நெற்றி வழியாகத் தலையெல்லாம் எண்ணெய் இறங்கும். அந்தக் குளிரில் நீளமான கூந்தலை அலசி உலர்த்துவது தனி வேலை என்பதால் அம்மாவுக்கு நான் வேண்டாம் என்றேன்.

ரத்த அழுத்தம், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை, தோல் அலர்ஜி எதுவாக இருந்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள். தேவையென்றால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கு மசாஜ் செய்வது பெண் தெரபிஸ்ட்தானே என்று கேட்கக் கூச்சப்படவே கூடாது.

4. கிளம்புவது

சொந்த வண்டி என்றால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் இது கட்டாயம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். குமட்டுகிறவர்கள் பாதி வயிற்றோடு ஏறுங்கள்; மதியச் சாப்பாட்டையும் அளவாக முடித்தால் 4 மணிக்கு மசாஜ் மேசையில் குப்புறப் படுக்க வயிறு இடம் கொடுக்கும்.

5. ஸ்பாவுக்குள்

எல்லோரும் பயப்படுகிற இடம் இதுதான். நகை, வாட்ச், போன் எல்லாம் அறை லாக்கரில். 15 நிமிடம் முன்னால் போனால் ஒரு படிவம் தருவார்கள். உடல்நிலை பற்றிப் போனில் சொன்னதையே மறுபடி எழுதுங்கள். பிறகு ஒரு பாத்ரோப், செருப்பு, ஒருமுறை மட்டும் போட்டுக்கொள்கிற காகிதம் போன்ற உள்ளாடை. அதை மாற்றிக்கொள்ளும்போது தெரபிஸ்ட் வெளியே நிற்பார். தேய்க்கிற இடம் தவிர மற்ற உடம்பு முழுக்கப் பெரிய டவலுக்குள்தான் இருக்கும். ஏதாவது ஒரு பகுதியைத் தொட வேண்டாம் என்றாலும் சொல்லலாம்.

நாங்கள் எடுத்தது இரண்டு மேசை உள்ள அறை. அம்மா உள்ளே வந்ததும் எண்ணெய் வாசனை பிடித்து, "ஏஞ்சாமி, எண்ண தேச்சுக்கறதுக்கா இத்தன தூரம் வந்தோம்?" என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தவர் ஆயிற்றே. முதலில் உட்காரவைத்துக் காலைக் கழுவுவார்கள். பித்தளைப் பாத்திரத்தில் வெந்நீர், கல்லுப்பு, எலுமிச்சைத் துண்டு. தெரபிஸ்ட் பெண் குனிந்து பாதத்தைப் பிடித்ததும் அம்மா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். "நீ எதுக்குக் கண்ணு என் காலத் தொடறே, நானே கழுவிக்கறேன்." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெடித்திருந்த குதிகாலை மெதுவாகத் தண்ணீருக்குள் வைத்தாள்.

படுத்ததும் முகத்தை மேசையின் ஓட்டைக்குள் வைக்க வேண்டும். அழுத்தம் அதிகமென்றால் "கொஞ்சம் மெதுவா" என்றால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதற்கு நாம் பணம் கட்டவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. அம்மா முதல் பத்து நிமிடம் அந்தப் பெண்ணின் ஊர், கல்யாணம் எல்லாம் விசாரித்தார். பிறகு குறட்டைதான் கேட்டது.

முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்காதீர்கள், தலை சுற்றும். நீராவி அறை இருந்தால் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ரத்த அழுத்தக்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

6. ராத்திரி

வெளியே எங்கும் போகாதீர்கள். இரவு உணவு லேசாக. ஹாட் வாட்டர் பேக் கேட்டால் பல ஓட்டல்களில் தருவார்கள். அதைப் படுக்கையில் கால்மாட்டில் வைத்துவிட்டால் குளிர் தெரியாது.

7. காலை

ஆறரைக்கு எழுந்து தோட்டப் பாதையில் நடங்கள். காட்டெருமை நின்றால் பக்கத்தில் போய்ப் படம் எடுக்க வேண்டாம். 10 மணிக்கே பில் கேளுங்கள். அறையிலிருந்த சாக்லேட், சலவை, ஸ்பா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். எங்கள் பில்லில் குடிக்காத ஒரு கூல்டிரிங்ஸ் இருந்தது, சொன்னதும் எடுத்துவிட்டார்கள்.

இறங்கும் வழியில் பர்லியாறு தாண்டியதும் காது அடைத்தது. அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்த அம்மா கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு ராத்திரி கை வலிச்சிருக்காதா?"