கடற்பாசி உரம்: கணக்கு எங்கே பிசகுகிறது?

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன் பக்கம் போய் "பெப்சி பாசி" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். கப்பாஃபைகஸ் என்ற பாசி அது. 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அதைப் பிழிந்த சாறுதான் பயிருக்குத் தெளிக்கும் திரவமாக பாட்டிலில் விற்கிறது. பாட்டில் விலையைப் பார்த்ததும், "நாமே பிழிந்து விற்றால் என்ன?" என்று மகளிர் குழுக்களுக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் கணக்கு பெரும்பாலும் முதல் வரியிலேயே பிசகிவிடுகிறது.

12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம் ஒன்றில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் சுமார் 260 கிலோ கிடைக்கும் என்று சொல்வார்கள். அந்த 260-ஐ அப்படியே வரவில் எழுதக் கூடாது. அடுத்த கட்டுக்கு 60 கிலோ எடுத்து வைக்க வேண்டும். மீதி 200 கிலோவைக் காயப் போட்டால் தேறுவது 20 கிலோ, மற்றதெல்லாம் தண்ணீர். இதைவிடப் பெரிய தவறு, வருடத்தை 45-ஆல் வகுத்து எட்டு அறுவடை என்று போடுவது. பாக் நீரிணையில் ஐப்பசி, கார்த்திகைக் காற்று தெப்பத்தைச் சும்மா விடாது. கோடையில் நீர் சூடேறினால் பாசி வெளுத்து உதிரும். 2013-ஐ ஒட்டி அப்படித்தான் பாசி கூட்டமாகச் செத்து, பலர் தொழிலையே விட்டார்கள். விதைப்பாசியும் போய்விட்டால் மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். திட்ட அறிக்கைகளில் இந்தச் செலவை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம், சாறு மட்டும் லாபம் என்ற நினைப்பு. மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறையில், பச்சைப் பாசியை அரைத்துப் பிழிந்தால் சாறு ஒரு பக்கம், சக்கை இன்னொரு பக்கம். அந்தச் சக்கையிலிருந்து கராஜீனன் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் போன்றவற்றைக் கெட்டியாக்கும் பொருள் அது. இரண்டும் விலை போவதால்தான் ஆலைக்குக் கட்டுப்படியாகிறது. சக்கையைக் குப்பையில் கொட்டும் சிறு குழுவுக்கு எப்படிக் கட்டும்? போதாக்குறைக்கு, சாறு சீக்கிரம் கெட்டு நாறும். அறுத்த கையோடு பிழிந்து, கெடாமல் பக்குவப்படுத்த வேண்டும்.

லேபிள் ஒட்டிக் கடைக்கு அனுப்பிவிடலாம் என்பதும் இனி நடக்காது. 2021-இல் இத்தகைய உயிரூக்கிகளை, அதாவது பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களை, மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டது. பதிவு வேண்டும், அதற்கு வயல் சோதனை முடிவுகள், கன உலோகச் சோதனை என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். ஒரு குழு தாங்கும் செலவில்லை. என்னைக் கேட்டால், சொந்த பிராண்டு ஆசையை ஓரம் வைத்துவிட்டு, பதிவு பெற்ற நிறுவனத்துக்குப் பச்சைப் பாசியாகவோ மொத்தச் சாறாகவோ கொடுப்பதே நல்லது. பேரம் பேசும் பலம் கூட்டுறவாகச் சேர்ந்தால் வரும்.

விவசாயியிடம் "யூரியாவே வேண்டாம்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. சாற்றில் சாம்பல்சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும் இருக்கின்றன. தழைச்சத்தும் (யூரியா தருவது அதைத்தான்) மணிச்சத்தும் சொற்பம். யூரியாவை நிறுத்தியவரின் பயிர் வெளுத்தால் அடுத்த முறை அவர் வாங்க மாட்டார். நீர் கலக்காமல் தெளித்தால் உப்பில் இலையும் கருகும்.

மூலப்பொருளுக்காக மன்னார் வளைகுடாத் தீவுகளை நம்புவதும் வேண்டாம். 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா.

கரை ஒதுங்கிய பாசியை மட்க வைத்துப் பக்கத்துத் தென்னந்தோப்புக்குக் கொடுப்பது முதலீடு குறைந்த வழி. அங்கே மறந்துபோவது நல்ல தண்ணீர்ச் செலவை. மணலும் உப்பும் போக அலச வேண்டுமே! ராமநாதபுரத்தில் குடிக்கும் தண்ணீரையே குடம் கணக்கில் வாங்கும் ஊர்கள் உண்டு. மழைக்காலம் வரும்வரை பாசியைத் திறந்த வெளியில் பரப்பி வைத்தால், அந்த மழையே அலசிக் கொடுத்துவிடும்.