ஈர்ப்பு ஆர்முடுகல் கணக்கில் தூரத்தை எங்கிருந்து அளக்கிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளில் ஈர்ப்பு ஆர்முடுகலுக்கான (ஈர்ப்பால் விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனும் கூடும் அளவுக்கான) சமன்பாட்டைப் பிழையாக எழுதுவோர் குறைவு. ரியூசன் வாங்கிலேயே அது பாடமாகிவிடும்: ஈர்ப்பு மாறிலியைக் கோளின் திணிவால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். சறுக்குவது அந்தத் தூரத்தில்தான். அது கோளின் மையத்திலிருந்து அளக்கும் தூரம். வினாவில் தருவதோ பெரும்பாலும் தரையிலிருந்து உயரம்.

சர்வதேச விண்வெளி நிலையத்தை எடுங்கள். உயரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், புவியின் ஆரை 6,400 கிலோமீற்றர். வெறும் 400ஐப் போட்டால் விடை 2,500 மீற்றர்/செக்கன்² அளவில் வரும். தரையில் 9.8 ஆக இருந்தது மேலே போனதும் 256 மடங்காகிவிட்டதா? இப்படி வந்த விடைக்கும் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறார்கள், அதுதான் கவலை. போட வேண்டியது 6,800. ஆரைக்கும் தூரத்துக்கும் விகிதம் 16/17. அதன் வர்க்கத்தை 9.8 ஆல் பெருக்கினால் 8.7.

8.7 என்றதும் சிலருக்கு நம்பிக்கை வராது. அங்கே ஆட்கள் மிதக்கிறார்களே என்பார்கள். ஈர்ப்பு இல்லாததால் அவர்கள் மிதக்கவில்லை. நிலையமும் ஆட்களும் ஒரே ஆர்முடுகலோடு புவியை நோக்கி விழுந்துகொண்டே சுற்றுவதால் தளம் காலைத் தாங்குவதில்லை, அவ்வளவுதான்.

'மேற்பரப்பிலிருந்து இரண்டு ஆரை உயரத்தில்' என்று வினா வந்தால் மையத்திலிருந்து தூரம் மூன்று ஆரை. விடை தரையில் உள்ளதன் ஒன்பதில் ஒன்று. நாலில் ஒன்று அல்ல.

அடுத்தது அண்ணளவுச் சூத்திரம். உயரத்தின் இரு மடங்கை ஆரையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, வருவதைத் தரையிலுள்ள பெறுமானத்தால் பெருக்குவது. சிறிய உயரங்களுக்கு அருமையானது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை உச்சிக்கு இதைப் போட்டால் உயரத்தால் குறைவது 0.008 அளவுதான். (யாழ்ப்பாணத்தில் 9.78, துருவத்தில் 9.83, புவி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் வரும் இந்த வித்தியாசம் அந்த மலையின் உயரம் தருவதைவிடப் பெரிது.) ஆனால் இதே சூத்திரத்தை அரை ஆரை உயரத்துக்குப் போட்டுப் பாருங்கள்: பூச்சியம் வரும். உண்மையில் அங்கே தரையில் உள்ளதன் 4/9 பங்கு, அதாவது 4.4 இருக்கிறது. ஓர் ஆரை உயரத்துக்குப் போட்டால் மறைப் பெறுமானம். புவி பொருளை மேலே தள்ளுகிறது என்று அர்த்தமாகிவிடும்! உயரம் ஆரையோடு ஒப்பிடக்கூடியதாக இருந்தால் அண்ணளவைத் தொடவே வேண்டாம்.

கோள்களை ஒப்பிடும்போது திணிவை மட்டும் பார்ப்பதும் வழமை. யுரேனசின் திணிவு புவியைப்போல 14.5 மடங்கு, ஆரையோ 4 மடங்கு. 14.5ஐ 16 ஆல் வகுத்தால், அங்கே ஈர்ப்பு ஆர்முடுகல் நம்முடையதைவிடக் கொஞ்சம் குறைவு.

சரி, கீழே இறங்கினால்? நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது மையம் வரை போகிறது என்றே வைத்துக்கொள்வோம். தூரம் பூச்சியமாவதால் மையத்தில் ஆர்முடுகல் முடிவிலி என்று எழுதுகிறவர்கள், வெளியே பொருந்தும் விதியை உள்ளே கொண்டுபோகிறார்கள். உள்ளே நிற்பவருக்கு மேலேயுள்ள கோள ஓட்டின் ஈர்ப்பு ஒன்றையொன்று சமன்செய்துவிடும். கீழே மிஞ்சிய திணிவு மட்டும்தான் இழுக்கும். அடர்த்தி சீரானால் அந்தத் திணிவு தூரத்தின் கனத்தோடு (மூன்றாம் அடுக்கோடு) குறையும். வர்க்கத்தால் வகுக்க, மிஞ்சுவது வெறும் தூரம். ஆகவே தூரத்தோடு ஆர்முடுகல் மாறும் வரைபு மையத்தில் பூச்சியத்தில் தொடங்கி நேர்கோடாக ஏறி, மேற்பரப்பில் உச்சம் தொட்டு, பிறகு வளைந்து இறங்கும்.

உண்மையான புவியின் அடர்த்தி சீரானதல்ல. அதன் நடுப்பகுதியான அகணி மிகவும் அடர்ந்தது. அதனால் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில், அகணியின் விளிம்பில், ஆர்முடுகல் 10.7 வரை ஏறி, அதன் பிறகுதான் மையத்தை நோக்கி இறங்குகிறது. வினாவில் 'சீரான அடர்த்தி' என்று இருந்தால் மட்டும் நேர்கோடு வரையுங்கள்.