எழுத்து வகுப்பில் ஒரு பாட்டு

4 நிமிடத்துக்கு மேல் போகாத ஒரே ஒரு பாட்டு போதும். வரிகளை அச்செடுத்து, வரி எண் போட்டு மாணவர்களுக்குக் கொடுங்கள். முதல் முறை கேட்கும்போது தாள் கவிழ்ந்தே இருக்கட்டும். இரண்டாம் முறை கையில் பேனா.

பிறகு 10 நிமிடம், ஒரே கேள்வி: பாட்டு யாரிடம் பேசுகிறது, எந்த வரி அதைக் காட்டுகிறது? சறுக்கல் இங்கேதான். "மனதைத் தொடுகிறது" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். சிவப்பு மையால் திருத்த வேண்டாம், ஓரத்தில் "எந்தச் சொல்?" என்று மட்டும் கேளுங்கள். முதல் சரணத்தில் 'நீ' என்றது கடைசிச் சரணத்தில் 'நாம்' ஆகிறதா? அந்த மாற்றம் ஒன்றே ஒரு முழுப் பத்திக்குத் தாங்கும்.

உங்களுக்குப் பிடித்த பாட்டையே வாராவாரம் போடாதீர்கள். உங்கள் ரசனைக்குத் தாளம் போட்டு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த பாட்டை அவர்களே கொண்டுவரட்டும், ஏன் என்று 5 வரி எழுதி.