ஆன்லைன் கேமை விட்டு யார் போவார்கள்: லாக்கை வைத்துக் கணிக்கும் முறை

மாதச் சந்தா கேமில் சந்தா நின்றால் ஆள் போய்விட்டார் என்று தெரிந்துவிடும். இலவச கேமில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் எத்தனை நாள் வராவிட்டால் விலகல் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வேலையில் பாதி இதுதான். எந்த மாடல் (கணிக்கும் கணித முறை) என்ற பேச்சு அப்புறம்.

பழைய லாக்கில் (யார் எப்போது வந்தார், என்ன செய்தார் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவில்) 7, 14, 21, 28, 35 நாள் தொடர்ந்து வராதவர்களைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை சதவீதம் பேர் பிறகு திரும்பினார்கள் என்று பாருங்கள். அந்தச் சதவீதம் எங்கே பெரிதாகக் குறையாமல் நிற்கிறதோ அதுவே எல்லை. எல்லை குறைந்தால் பரீட்சைக்காக ஒதுங்கியவரும் விலகியவராகிவிடுவார். கூடினால் லேபிளுக்காக, அதாவது விலகினாரா இல்லையா என்ற விடைக்காக, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2017-ல் கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் தன் பிளேட் அண்ட் சோல் கேமின் லாக்கைக் கொடுத்து ஒரு கணிப்புப் போட்டி வைத்தது. அதில் ஐந்து வாரம் வராவிட்டால் விலகல் என்று கொண்டார்கள். கணிக்கும் நாளுக்கும் அந்த ஐந்து வாரத்துக்கும் நடுவே மூன்று வார இடைவெளியும் விட்டார்கள். நாளை போகிறவரை இன்று கண்டுபிடித்து என்ன பயன்? அவரைத் தக்கவைக்க அனுப்பும் கூப்பன் போய்ச் சேர்வதற்குள் ஆள் இருக்கமாட்டார். இதே அமைப்பில் 8 வார லாக்கைக் கவனித்தால் மொத்தம் 16 வாரம் ஆகிறது. அதாவது, இன்று லேபிளோடு கிடைக்கும் மிகப் புதிய லாக்கே 8 வாரம் (3 + 5) பழையது.

வாரத்தைத் திங்களில் தொடங்காமல், வாராந்திரப் பராமரிப்பு முடிந்து சர்வர் திறக்கும் நாளில் தொடங்குங்கள். பாட் (ஆளுக்குப் பதில் தானாக ஆடும் நிரல்), கேமில் கிடைக்கும் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்பதற்கென்றே ஆடும் கணக்குகள், ஒரே நாள் எட்டிப் பார்த்தவர்கள் ஆகியோரை முதலிலேயே நீக்குங்கள்.

எதை அளப்பது? மொத்த ஆட்ட நேரத்தை விட அதன் சரிவுதான் அதிகம் சொல்லும். கடைசி வார ஆட்ட நாட்களை முந்தைய நான்கு வாரச் சராசரியால் வகுங்கள். கூடவே கில்டு (ஆட்டக்காரர்களின் குழு) சாட் எண்ணிக்கை, சேர்ந்து ஆடும் நண்பர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள், பொருட்களை மற்றவர்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கிறாரா என்பவற்றையும் எடுங்கள். கடைசியாகச் சொன்னது அபூர்வம், ஆனால் நடந்தால் கவனிக்க வேண்டியது.

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்: பயனர் அட்டவணையில் உள்ள ‘கடைசி லாகின்’, ‘மொத்தச் செலவு’ போன்றவை இன்றைய மதிப்புகள். கணிக்கும் நாளில் அவை தெரிந்திருக்காது. அவற்றைச் சேர்த்தால் சோதனையில் மாடல் அற்புதமாகத் தெரியும், நேரடிப் பயன்பாட்டில் படுத்துவிடும். எல்லா அளவையும் அந்தத் தேதி வரையிலான லாக்கிலிருந்தே கட்டுங்கள்.

சோதனைத் தரவைக் குலுக்கிப் பிரிக்காமல் காலவாரியாகப் பிரியுங்கள். அந்தப் போட்டியில் ஒரு சோதனைத் தொகுப்பு, கேம் சந்தாவிலிருந்து இலவசத்துக்கு மாறிய பிறகான காலத்திலிருந்து வந்தது. பயிற்சித் தரவோ மாற்றத்துக்கு முந்தையது. பெரிய அப்டேட், கட்டண மாற்றம், கோடை விடுமுறை எது வந்தாலும் இதே நிலைதான். அதனால் மாடலைக் குறைந்தது மாதம் ஒருமுறை திரும்பப் பயிற்றுவியுங்கள்.

முதல் மாடலுக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆம்/இல்லை வாய்ப்பைக் கணிக்கும் எளிய முறை), அடுத்து லைட்ஜிபிஎம் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் மென்பொருள்). பெரும்பாலும் அதற்கு மேல் தேவைப்படாது. 30 சதவீதம் பேர் விலகும் தரவில் ‘யாரும் போகமாட்டார்’ என்று சொல்லும் மாடலுக்குக்கூட 70 சதவீதத் துல்லியம் வந்துவிடும். ஆகவே பிரெசிஷன் (போவார் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் உண்மையில் போனார்கள்), ரீகால் (போனவர்களில் எத்தனை பேரைப் பிடித்தோம்) இரண்டையும் பாருங்கள். எப்போது போவார் என்று தெரிய வேண்டுமானால் காக்ஸ் போன்ற சர்வைவல் மாடல் (ஒருவர் எவ்வளவு காலம் நீடிப்பார் என்று கணிப்பது) வேண்டும். அதில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் கணிக்கும் ஆயுள் உண்மையை விடக் குறைவாக வரும்.

சலுகை அனுப்பும்போது, ஆபத்துப் பட்டியலில் குலுக்கலாகப் பத்தில் ஒருவருக்கு எதுவும் அனுப்பாமல் விடுங்கள். சலுகை உண்மையில் வேலை செய்ததா என்று அவர்களோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அடுத்த பயிற்சிக்குச் சலுகையால் கலையாத லேபிள் கிடைப்பதும் அவர்களிடமிருந்துதான்.