கார்பன் சீட் போஸ்ட்டைப் பாதுகாப்பாகப் பொருத்தும் முறை

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறும் சைக்கிளில், இருக்கையைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டைக் கார்பன் ஃபைபரில் பொருத்த விரும்புவோர், அதன் விட்டம் பிரேம் குழாயின் அளவோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், 27.2 மில்லிமீட்டர் குழாயில் 27.0 அளவுள்ளதைச் செருகி, இறுக்கிச் சமாளிக்கலாம் என்ற எண்ணமே ஆபத்தானது. குழாயின் உள்வாயைப் பழைய பருத்தித் துணியால் சுற்றித் துடையுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே உலோகப் பிசிறு இருக்கிறது. அதை நைசான உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும்.

கிரீஸ் வேண்டாம். அது வழுக்குவதால்தான் பலர் அளவுக்கு மீறி இறுக்கி, கார்பன் இழைகளை நசுக்கிவிடுகிறார்கள். நுண்மணல் கலந்ததுபோல் விரலில் நறநறக்கும் கார்பன் பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசினால், குறைந்த இறுக்கத்திலேயே பிடிப்புக் கிடைக்கும்.

குறைந்தபட்ச ஆழத்தைக் காட்டும் கோடு குழாய்க்குள் மறையும்வரை போஸ்ட்டை இறக்கிய பிறகு, குழாயின் வாயில் போஸ்ட்டைப் பிடிக்கும் வளையமான கிளாம்பை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் சிறிது சிறிதாக இறுக்குங்கள். போஸ்ட்டிலும் கிளாம்பிலும் அச்சிட்டுள்ள இறுக்க அளவுகளில் குறைவானதே எல்லை, பல கிளாம்புகளில் அது 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். கைப்பழக்கத்தை நம்பிய காலத்தில், கிளாம்புக்கு அடியில் முடியளவு வெடிப்பை நானே கண்டிருக்கிறேன். அந்தப் போஸ்ட்டோடு மறுபடி ஓட்டிப் பார்க்காமல் அதை ஒதுக்கினேன்.

அலுமினியப் பிரேமில் ஈரம் தங்கினால் கார்பனைத் தொடும் உலோகம் அரித்து, போஸ்ட் கழற்ற முடியாதபடி இறுகிவிடும். ஆகவே தென்மேற்குப் பருவமழையில் ஓட்டுவோர் அவ்வப்போது கழற்றித் துடைத்துப் புதிதாகப் பேஸ்ட் பூச வேண்டும்.