பழைய நெகட்டிவ்களைக் கேமராவால் டிஜிட்டலாக்குதல்

ஸ்டுடியோ கொடுத்த உறையிலிருந்து படங்களை மட்டும் எடுத்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு, நெகட்டிவ்களை பீரோவின் அடித்தட்டில் போட்டுவைத்த வீடுகள் நம்மிடையே ஏராளம். உண்மையில், அச்சுப்படத்தைவிட நெகட்டிவில்தான் அதிக விவரம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றில் பாட்டியின் புடவைக் கரை வெறும் வெள்ளைப் பட்டையாகவே அச்சாகியிருந்தது; அதன் நெகட்டிவைக் கேமராவால் படமெடுத்தபோது, கரையிலிருந்த மாங்காய் புட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

முதல் தேவை, சிறிய பொருள்களை மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ.; சென்சாரும் அதே அளவிலுள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அது சென்சாரை நிறைக்க வேண்டுமானால் லென்ஸ் 1:1 உருப்பெருக்கம், அதாவது பொருளின் உண்மையான அளவிலேயே பிம்பம் தர வேண்டும்.

பணத்தை மிச்சம்பிடிக்கக் கூடாத இடம் விளக்கு. மலிவான எல்இடிகளின் வெளிச்சம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றினாலும், அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருப்பதால் கலர் நெகட்டிவில் தோல் நிறம் கெட்டுவிடும், பின்னர் எவ்வளவு திருத்தினாலும் அது முழுமையாகச் சீராகாது. ஆகவே, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 95-க்கு மேற்பட்ட பலகை விளக்கை வாங்குங்கள். அதன்மேல் பால்நிற அக்ரிலிக் தகடு வைத்து, நெகட்டிவை அதிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் பிடிப்பானில் பொருத்தினால், தகட்டிலுள்ள தூசியும் கீறலும் படத்தில் தெரியாது. நெகட்டிவைச் சுற்றிக் கசியும் ஒளியைக் கருப்பு அட்டையால் மறைத்து, அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

கேமரா நெகட்டிவுக்கு நேர் இணையாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு மூலை மங்கும். நெகட்டிவ் இருக்க வேண்டிய இடத்தில் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவே விழும்வரை டிரைபாடைச் சரிசெய்தால் போதும்.

ஸ்கேனர்கள் சிலவற்றில் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டறியும் வசதி உண்டு. கேமராவில் அது இல்லாததால் சுத்தம் நம் கையில்தான் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பருத்திக் கையுறை அணிந்து, ரப்பர் ஊதியால் இருபுறமும் ஊதுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. நான் ஒருமுறை அப்படித் துடைத்து, ஈரத்தில் இளகிய பூச்சு துணியோடு வந்துவிட, ஒரு முகத்தையே இழந்தேன். வினிகர் வாடை வீசும் நெகட்டிவ்களில் ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றைத் தனியே பிரித்து, முதலில் படமெடுத்துவிடுங்கள்.

ஓரத்து எழுத்துகள் நேராகப் படிக்கும்படி, பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்த்திருக்கட்டும். ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பு, 2 விநாடி டைமர் என்று அமைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, ஃபிலிமின் துகள்களே துலங்கும்வரை கையால் ஃபோகஸ் செய்யுங்கள். படம் பதியாத வெற்று ஓரம் திரையில் மிகப் பிரகாசமாகத் தெரிந்தாலும் வெளுத்துவிடக் கூடாது; இந்த ஒளியளவிலேயே (எக்ஸ்போஷர்) ரோல் முழுவதையும் எடுங்கள்.

கலர் நெகட்டிவில் ஆரஞ்சு நிற அடித்தளத்தை நீக்குவதுதான் நிதானம் கேட்கும் வேலை. படம் திருத்தும் மென்பொருளில் வெற்று ஓரத்தைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் (வெண்மைச் சமநிலை) அமைத்த பிறகே படத்தின் நிறங்களைத் தலைகீழாக்கி, நெகட்டிவைப் பாசிட்டிவாக மாற்ற வேண்டும். அதன்பின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் வளைவுகளையும் (கர்வ்ஸ்) தனித்தனியே சரிசெய்யலாம். இலவச மென்பொருளான டார்க்டேபிளில் இதற்கென்றே நெகாடாக்டர் என்னும் பகுதி இருக்கிறது. கருப்பு வெள்ளைக்கு இந்தச் சிரமம் இல்லை, தலைகீழாக்கி மாறுபாட்டைச் சரிசெய்தாலே போதும்.

கோப்பின் பெயரில் ஓரத்திலுள்ள பட எண்ணைச் சேர்த்துவிட்டால், மீண்டும் எடுக்க நேரும்போது உரிய துண்டை உடனே கண்டுபிடிக்கலாம். வேலை முடிந்ததும் நெகட்டிவ்களைப் புதிய காகித உறைகளில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலமே போதும்.