தாதி உதவியாளர் பயிற்சியில் சேர முன்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சாதாரண தரம் முடித்த பிள்ளைகள் பலர் தாதி உதவியாளர் பயிற்சி தேடுகிறார்கள். காசு கட்ட முன் ஒன்றைக் கேளுங்கள்: "முடிவில் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கிடைக்குமா, எத்தனையாம் மட்டம்?" நிறுவனமும் அந்தப் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள். சுவரில் தொங்கும் சட்டமிட்ட கடதாசி போதாது. இந்தச் சான்றிதழ் உங்களைப் பதிவுபெற்ற தாதியாக்காது என்பதும் நினைவிருக்கட்டும். அதற்கான பயிற்சி வேறு.

ஏற்கெனவே வேலை பழகியவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியும், அதாவது தெரிந்த வேலையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் உண்டு. நைட்டா (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை) அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். செய்த வேலைக்கான கடிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வேலை கேட்டுப் போகும்போது கைப்பழக்கம்தான் பேசும். பிரஷர் பார்க்கச் சொன்னால் நோயாளியை ஐந்து நிமிடம் இருக்க விடுங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி வையுங்கள், பட்டியைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். படுக்கையில் கிடப்பவரைத் திருப்பும்போது குதிக்காலிலும் இடுப்பின் கீழ் எலும்பிலும் படுக்கைப் புண் தொடங்குவதுபோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கவனிக்கிற பிள்ளையை மேற்றனுக்கு (தலைமைத் தாதிக்கு) உடனே பிடிக்கும்.

தனியார் ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்களுக்கு நேரே போய் விண்ணப்பம் கொடுங்கள். வெளிநாடு என்றால், முகவரின் உரிமம் செல்லுபடியானதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உறுதிசெய்யும்வரை கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.